பிரிட் மார்லிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட் மார்லிங்கைப் பற்றி நான் பேச்செடுத்தாலே நண்பர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கதையின் முடிவை எங்கேயும் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

யார் இந்த பிரிட் மார்லிங்?

அமெரிக்க நடிகை, திரைக்கதை எழுத்தாளர். 1982இல் சிகாகோவில் பிறந்தவர். நண்பர்களோடு சேர்ந்து கையிலிருந்த காசில் எடுத்த இரண்டு படங்கள் 2011இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒரே சமயத்தில் திரையிடப்பட்டபோதுதான் வெளியுலகம் இவரைக் கவனித்தது. இரண்டிலும் முக்கிய வேடம் இவருக்கு. இரண்டுக்கும் இயக்குநரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் இவரே. நெட்ஃபிளிக்ஸில் 'தி ஓஏ' தொடரைப் பார்த்திருந்தால் இவர் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சினிமா படித்தவரா?

இல்லை. வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். படிக்கும்போதே ஒரு கோடையில் கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் பயிற்சிக்குப் போனார். அங்கேயே வேலையும் கிடைத்தது, ஆனால் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் படிப்புக்கும் அந்த வங்கிக்கும் நம் ஊர் வீடுகளில் என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும், அங்கேயும் அதே மதிப்புதான்.

அதே கல்லூரியின் திரைப்பட விழா ஒன்றில் மைக் கேஹில், ஸால் பாட்மாங்லிஜ் என்ற இரண்டு மாணவர்கள் எடுத்த குறும்படத்தைப் பார்த்தார். அவர்களைத் தேடிப் போய், உங்களோடு வேலை செய்ய வேண்டும் என்றார். பிற்காலத்தில் இவர் எழுதிய படங்கள், தொடர்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு பேரில் ஒருவர் இருக்கிறார். கேஹிலோடு கியூபாவுக்குப் போய், குத்துச்சண்டை வீரர்களையும் பாலே நடனக்காரர்களையும் பற்றி 'பாக்ஸர்ஸ் அண்ட் பேலரினாஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அது 2004இல் வந்தது. அடுத்த வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு, மூன்று பேரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள்.

நடிக்க வாய்ப்பு கிடைக்காததால்தான் எழுத ஆரம்பித்தாரா?

இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வாய்ப்பு வந்தது. பேய்ப் படங்களிலும் கொலைகாரன் துரத்தும் படங்களிலும் கத்திக்கொண்டே ஓடி, முதல் அரைமணி நேரத்துக்குள் செத்துப்போகும் அழகான பெண் வேடங்கள். அவர் அவற்றை ஏற்கவில்லை. புதுமுகங்கள் எல்லோரும் அப்படித்தானே தொடங்குகிறார்கள், இரண்டு படம் ஓடினால் நல்ல வேடம் தானாக வரும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஊர் அது. பிரிட் யோசித்தது வேறு மாதிரி. அந்த மாதிரி வேடங்களுக்குப் பழகிவிட்டால் நல்ல வேடம் வரும்போது அதைச் செய்ய என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தார். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வாடகை கட்டக் காசு இல்லாத காலத்தில் ஒரு வேடத்தை மறுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். மறுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், அப்படியானால் எனக்கு வேண்டிய வேடத்தை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்ததுதான் அதைவிடப் பெரிய விஷயம்.

திரைக்கதை எழுத எங்கே கற்றுக்கொண்டார்?

தானாகவே. நூலகத்துக்குப் போய்ப் படித்தார், எழுதினார், கிழித்துப்போட்டார், திரும்ப எழுதினார். பாட்மாங்லிஜ் அப்போது அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் இயக்கம் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் படத்தில் பிரிட் நடித்தார், அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான். 2005இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனவரின் படங்கள் சன்டான்ஸ் போனது 2011இல். நடுவில் இருக்கும் ஐந்தாறு வருடத்தைப் பேட்டிகளில் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஒரு பக்கம் கேஹிலோடு ஒரு கதை, இன்னொரு பக்கம் பாட்மாங்லிஜோடு வேறொரு கதை என்று ஒரே நாளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு கதைகளை வளர்த்தது அந்த வருடங்களில்தான்.

'அனதர் எர்த்' படத்தை அவ்வளவு குறைந்த செலவில் எப்படி எடுத்தார்கள்?

சன்டான்ஸ் போன இரண்டு படங்களில் கேஹில் இயக்கியது இது. அதன் செலவு ஒரு லட்சம் டாலரைச் சுற்றி என்று சொல்வார்கள். ஹாலிவுட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை, ஒரு நடுத்தரப் படத்தின் சாப்பாட்டுச் செலவுக்கே போதாது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுப் பெண் ரோடா. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறாள். நம் பூமியைப் போலவே இன்னொரு பூமி வானத்தில் தெரிகிறது என்று ரேடியோவில் செய்தி வருகிறது. அதைப் பார்க்க ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறாள். எதிரே நின்ற காரில் மோதுகிறாள். அதில் இருந்த ஒரு இசையமைப்பாளரின் மனைவியும் மகனும் இறந்துவிடுகிறார்கள். நான்கு வருடம் சிறையில் இருந்துவிட்டு வருபவள், மன்னிப்புக் கேட்க அந்த மனிதரின் வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நின்றதும் வாய் வரவில்லை. வீடு சுத்தம் செய்யும் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று பொய் சொல்லி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள்.

இதில் அறிவியல் புனைகதைக்கு வேண்டிய 'செலவு' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வானத்தில் ஒரு நீல உருண்டை, அவ்வளவுதான். மீதி எல்லாம் ஒரு வீடு, இரண்டு பேர், ஒரு துடைப்பம். விண்கலம் இல்லை, வேற்றுக்கிரக நகரம் இல்லை, அந்த இன்னொரு பூமிக்குள் கேமரா போவதே இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் கதையை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பார்க்கும்போது நமக்குக் கதை பெரிதாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் கேள்வி பெரியது: அந்தப் பூமியில் இருக்கும் இன்னொரு நான், அன்றைக்கு ஜன்னல் வழியே எட்டிப்பார்க்காமல் இருந்திருப்பாளா?

படப்பிடிப்பு நடந்தது கேஹிலின் சொந்த ஊரான கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில். தெரிந்த வீடுகள், தெரிந்த தெருக்கள். ரோடா சிறையிலிருந்து வெளியே வரும் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. நிஜமான சிறை ஒன்றுக்குள் பிரிட் யோகா சொல்லிக்கொடுக்க வந்தவர் போல நுழைந்து, திரும்ப நடந்து வெளியே வந்தாராம், கேஹில் வெளியிலிருந்து படம்பிடித்தாராம். செட் போடக் காசு இல்லாதவர்களின் வழி.

சன்டான்ஸில் என்ன நடந்தது?

சன்டான்ஸ் அப்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜனவரி மாதப் பனியில் நடந்த விழா. ஸ்டுடியோ பின்புலம் இல்லாத படங்களை வாங்க விநியோகஸ்தர்கள் கூடும் இடம் அது. 2011இல் 'அனதர் எர்த்' அங்கே நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், அறிவியலைக் கையாளும் படங்களுக்கான ஆல்ஃபிரட் பி. ஸ்லோன் பரிசையும் வாங்கியது. ஃபாக்ஸ் சர்ச்லைட் அதையும், அதே விழாவில் திரையிடப்பட்ட 'சவுண்ட் ஆஃப் மை வாய்ஸ்' படத்தையும் வாங்கியது.

அந்த இரண்டாவது படம் எதைப் பற்றியது?

ஒரு வீட்டு நிலவறையில் ரகசியமாகக் கூடும் ஒரு கூட்டம், அதன் தலைவி மேகி. தான் 2054ஆம் வருடத்திலிருந்து வந்தவள் என்கிறாள். அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்க ஒரு ஜோடி கூட்டத்துக்குள் நுழைகிறது. பாட்மாங்லிஜ் இயக்கம். மேகி வேடம் பிரிட்டுக்கு.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். எதிர்காலத்துப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று பக்தர்கள் கேட்கிறார்கள். தயங்கிவிட்டுப் பாடுகிறாள், அது 1990களில் வந்த பாட்டு. கேட்டவர்களில் ஒருவன் அதைச் சொல்லியும் விடுகிறான். அவள் பதறவே இல்லை, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். இவள் ஏமாற்றுக்காரியா இல்லையா என்று பார்க்கிற நமக்கும் தெரியாமல், ஆனால் அந்தக் கூட்டம் ஏன் அவளை நம்புகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்படி நடித்திருக்கிறார். தான் பேசப்போகும் வசனத்தைத் தானே எழுதியவரால்தான் எந்த இடத்தில் மென்று முழுங்க வேண்டும், எந்த இடத்தில் கத்தியை இறக்க வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகப் பேச முடியும் என்பது என் எண்ணம்.

'தி ஈஸ்ட்' படத்துக்காகக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டது உண்மையா?

உண்மை, ஆனால் படத்துக்காக என்று போகவில்லை. 2009 கோடையில் பிரிட்டும் பாட்மாங்லிஜும் காசே செலவழிக்காமல் வாழ்வது என்று கிளம்பி, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு, கடைகள் தூக்கிப்போடும் உணவை எடுத்துச் சாப்பிடும் இளைஞர் குழுக்களோடு கொஞ்ச காலம் இருந்தார்கள். அப்போது இவர்கள் எழுதிய கதைப்படம் எதுவும் வெளியாகவில்லை, யாருக்கும் இவர்களைத் தெரியாது. அந்த அனுபவம் பிறகு கதையானது: பெரிய கம்பெனிகளைப் பழிவாங்கும் ஒரு தலைமறைவுக் குழுவுக்குள் உளவு பார்க்கப் போகும் பெண், மெதுவாக அவர்கள் பக்கம் சாய்கிறாள். 2013இல் வந்தது. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் நிறுவனம் தயாரிப்பில் இருந்தது, எலியட் பேஜ், அலெக்ஸாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் நடித்தார்கள்.

இந்தியாவில் எடுத்த படம் எதிலாவது நடித்திருக்கிறாரா?

2014இல் வந்த 'ஐ ஆரிஜின்ஸ்' படத்தின் கடைசிப் பகுதி டெல்லியில் நடக்கிறது, அங்கேயே எடுத்தார்கள். பிரிட்டுக்கு அதில் ஆய்வகத்தில் வேலை செய்யும் விஞ்ஞானி வேடம், ஆனால் எழுதி இயக்கியது கேஹில் மட்டும். ஒவ்வொரு மனிதரின் கருவிழியும் தனித்தனி என்பதை வைத்து ஓடும் கதை. ஆதாருக்காகக் கண்ணைக் கருவிக்குக் காட்டியவர்கள் நாம், அதனால் அந்தப் படம் நமக்குக் கூடுதலாகவே ஒட்டும்.

ரிச்சர்ட் கியர், ராபர்ட் ரெட்ஃபோர்டோடு எல்லாம் நடித்தாரே, ஏன் அந்தப் பாதையிலேயே போகவில்லை?

சன்டான்ஸுக்குப் பிறகு கதவு திறந்தது. 2012இல் 'ஆர்பிட்ரேஜ்' படத்தில் ரிச்சர்ட் கியரின் மகளாக நடித்தார். அப்பாவின் முதலீட்டு நிறுவனத்தில் கணக்கில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடிக்கும் மகள். வங்கி வேலையை வேண்டாம் என்றவருக்கு அந்த உலகம் தெரிந்த உலகம்தான், நன்றாகவே செய்தார். ரெட்ஃபோர்ட் இயக்கி நடித்த 'தி கம்பெனி யூ கீப்' படத்திலும் இருந்தார். மற்றவர்கள் எழுதிய நல்ல வேடம் வந்தால் செய்கிறார், அதில் அவருக்கு எந்த வீம்பும் இல்லை. ஆனால் தன் நேரத்தின் பெரும்பகுதியை எழுதுவதற்குத்தான் கொடுத்திருக்கிறார். அதனால்தான் படங்களின் எண்ணிக்கை குறைவு.

'தி ஓஏ' என்னதான் கதை? ஏன் பாதியில் நிறுத்தினார்கள்?

கண் தெரியாத ஒரு பெண் காணாமல் போய், ஏழு வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். இப்போது அவளுக்குக் கண் தெரிகிறது. என்ன நடந்தது என்று பெற்றோரிடமோ போலீஸிடமோ சொல்ல மறுக்கிறாள். ஊரில் யாரும் கண்டுகொள்ளாத நான்கு பையன்களையும் ஒரு ஆசிரியையையும் ராத்திரியில் கட்டி முடிக்காமல் விட்ட ஒரு வீட்டுக்கு வரச்சொல்லி, அவர்களிடம் மட்டும் சொல்கிறாள்.

இந்தக் கதையை பிரிட்டும் பாட்மாங்லிஜும் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் ரொம்ப நாள் வாயால் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். கேட்பவர் எங்கே முன்னால் சாய்கிறார், எங்கே கவனம் சிதறுகிறது என்று பார்த்துத் திருத்துவது. கோடம்பாக்கத்தில் 'கதை சொல்லி' ஓகே வாங்குவது காலம்காலமாக இருக்கிற பழக்கம், அதனால் நமக்கு இது புதிதாகத் தெரியாது. கதாநாயகியே உட்கார்ந்து கதை சொல்வதாகத் தொடர் அமைந்ததற்கும் அந்த வளர்ப்பு முறைக்கும் சம்பந்தம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

2016 டிசம்பர் 16 அன்று, வெறும் நான்கு நாளுக்கு முன் டிரெய்லர் விட்டு, எட்டுப் பகுதிகளையும் மொத்தமாக வெளியிட்டார்கள். முதல் பகுதியில் தலைப்பே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். ஒரு பகுதி எழுபது நிமிடத்தைத் தாண்டும், இன்னொன்று அரைமணியில் முடிந்துவிடும். நான் அடுத்த மாதம் பொங்கல் விடுமுறையில் இரண்டு ராத்திரியில் பார்த்து முடித்தேன், கடைசிப் பகுதிக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரிடமும் பேசத் தோன்றவில்லை. பிடிக்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள், தொடரில் வரும் நடன அசைவுகள் அவர்களுக்கு ஒட்டவே இல்லை. அது எனக்குப் புரிகிறது. ஆனால் முழு மனதோடு எடுத்த ஒன்றை முழு மனதோடு பார்க்காவிட்டால் அது வேலை செய்யாது.

இரண்டாம் பாகம் 2019 மார்ச்சில் வந்தது. மொத்தம் ஐந்து பாகம் என்பதுதான் திட்டம். அந்த ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் தொடரை ரத்து செய்தது. இரண்டாம் பாகம் முடிந்த இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் ரசிகர்களுக்குத் தாங்கவில்லை. காசு சேர்த்து நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் விளம்பரப் பலகை வைத்தார்கள். ஒரு ரசிகை லாஸ் ஏஞ்சல்ஸில் நெட்ஃபிளிக்ஸ் அலுவலக வாசலில் உண்ணாவிரதம் இருந்தார், பிரிட்டும் பாட்மாங்லிஜும் நேரில் போய் அவரைப் பார்த்தார்கள். தொடர் திரும்ப வரவில்லை.

வைன்ஸ்டீன் விவகாரத்தில் இவர் எழுதிய கட்டுரை என்ன?

என்னைக் கேட்டால் இவருடைய படங்களுக்குச் சமமான முக்கியத்துவம் இந்தக் கட்டுரைக்கு உண்டு. தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீது வரிசையாகப் பாலியல் குற்றச்சாட்டுகள் வெளிவந்த 2017 அக்டோபரில், 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதினார். 2014இல் தன்னையும் அவர் ஒரு ஹோட்டலில் சந்திக்கக் கூப்பிட்டார் என்றும், கடைசி நேரத்தில் சந்திப்பு அவருடைய அறைக்கு மாற்றப்பட்டது என்றும், அங்கே அவர் நடந்துகொண்ட விதத்தையும், தான் எழுந்து வெளியே வந்துவிட்டதையும் சொல்கிறார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வாக்குமூலம். ஆனால் பொருளாதாரம் படித்தவர் அடுத்த கேள்விக்குப் போகிறார். நான் மட்டும் எப்படி வெளியே வர முடிந்தது? தன் வீரம் என்று அவர் சொல்லவில்லை. அந்த அறைக்குள் நடிகையாக மட்டும் போகவில்லை, எழுத்தாளராகவும் போனேன் என்கிறார். ஒரு ஆள் தன்னை ஒதுக்கிவைத்தாலும் தனக்கான வேடத்தைத் தானே எழுதி நான்கு நண்பர்களோடு படமெடுத்துப் பிழைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை இருந்ததால் மறுக்க முடிந்தது. அந்த ஒரு ஆளின் தயவில் வேலையும் வாடகையும் எதிர்காலமும் இருக்கிற பெண்ணிடம் 'ஏன் எழுந்து வரவில்லை' என்று கேட்பது நியாயமா என்பதுதான் கட்டுரையின் மையம். சம்மதம் என்பது யாரிடம் எவ்வளவு அதிகாரமும் காசும் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இவ்வளவு தெளிவாக ஒரு நடிகை எழுதி நான் படித்ததில்லை. ஐந்தாறு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்டது எதற்கு உதவியது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் அனுப்புகிறேன்.

'வலிமையான பெண்' வேடங்களை இவர் எதிர்க்கிறாராமே?

2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையைச் சொல்கிறீர்கள். ஆரம்ப நாட்களில் ஆடிஷனுக்கு வந்த வேடங்களின் வர்ணனையில் பெண் என்றால் ஒல்லி, அழகு, இன்னாரின் மனைவி என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அது மாறி, துப்பாக்கி பிடிக்கிற, உணர்ச்சியைக் காட்டாத, ஜெயித்தே தீருகிற பெண் வந்தாள். அது முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் இருப்பது எல்லாம் ஆணின் குணமாகச் சொல்லப்பட்டவை மட்டும்தானே, பரிவும் கேட்கும் காதும் பலவீனமாமா என்பது அவர் கேள்வி. நம் படங்களில் நாயகி புல்லட் ஓட்டிக்கொண்டு வந்தால் போதும், பெண்ணை மையமாக வைத்த படம் என்று எழுதிவிடுகிறோம், அதையும் யோசித்துப் பாருங்கள்.

எப்போதும் ஆண் இயக்குநரோடு சேர்ந்துதானே எழுதுகிறார், இதில் அவர் பங்கு எது?

கேள்வி கொஞ்சம் கோபம் வரவைக்கிறது, இருந்தாலும் பதில் சொல்கிறேன். கேஹிலோடு எழுதியதையும் பாட்மாங்லிஜோடு எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் பொதுவாக இருப்பது என்னவென்று தெரியும். வேறொரு உலகத்திலிருந்து வந்தேன் என்றோ வேறொரு உலகத்துக்குப் போக வேண்டும் என்றோ சொல்லும் ஒரு பெண், அவளை நம்புவதா என்று தவிக்கும் சிலர். இரண்டு வேறு இயக்குநர்களின் படங்களில் ஒரே நூல் ஓடுகிறது என்றால் அது யாருடைய நூல்? கூட்டாக எழுதும் ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

கடைசியாக என்ன செய்தார்?

நான் கடைசியாகப் பார்த்தது 2023 நவம்பரில் தொடங்கிய 'எ மர்டர் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்', ஏழு பகுதிகள். ஐஸ்லாந்தில் ஒரு கோடீஸ்வரரின் பனிக்கோட்டை, விருந்தினர்களில் ஒருவர் சாகிறார். துப்பறிவது எம்மா காரின் நடித்த இளம்பெண். பிரிட் நடித்திருக்கிறார், ஆனால் இந்த முறை மைய வேடத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சில பகுதிகளைத் தானே இயக்கியும் இருக்கிறார்.

நடிக்க ஆசை, எழுத வராது. இவர் வழி எனக்கு ஒத்துவருமா?

இவருக்கும் முதலில் எழுத வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர் தனியாக அலையவில்லை. எழுதுகிற, கேமரா பிடிக்கிற, எடிட் செய்கிற இரண்டு பேரைக் கல்லூரியிலேயே கண்டுபிடித்து, அவர்களைப் பத்து, பதினைந்து வருடம் விடவே இல்லை. உங்களைச் சுற்றி அப்படி யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம், கையிலிருக்கும் வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் அடங்குகிற ஒரு கதையை, நீங்கள் நடிக்கும் வேடத்தை நடுவில் வைத்து எழுதுங்கள். முதல் பிரதி நன்றாக இருக்காது. நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் போனை எடுக்கிற இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு திருத்துங்கள்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'அனதர் எர்த்' முதலில், ஒன்றரை மணி நேரம்தான். பிடித்தால் 'சவுண்ட் ஆஃப் மை வாய்ஸ்'. பிறகு 'தி ஓஏ', அதை ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாம் பாகத்தோடு நின்றுபோன கதை என்பதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள், தெரிந்தே நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.